நரம்பு மாத்திரை பழகிப்போனால்... வாசகர் கேள்விகளும் மருத்துவக் குழுவின் பதில்களும்

பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் நெடுநாளாகப் போடும் மாத்திரைகளைப் பற்றிக் கேள்வி கேட்டு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். மனநல மருத்துவர்களும் மருந்தாளுநர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கீழே வரும் அளவுகளைப் பார்த்து நீங்களாகவே மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டர் எதிரே உட்காரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் எண்ணும் கணக்கும் சொல்கிறோம்.

ஆறு வருஷத்துக்கு முன் நெஞ்சுப் படபடப்புக்காக அல்பிரசோலம் 0.25 ராத்திரிக்கு ஒன்று கொடுத்தார்கள். முதல் மாசம் நல்ல தூக்கம். பிறகு 0.5 ஆனது. இப்போது காலையில் ஒரு 0.5, ராத்திரி ஒரு 0.5. அப்படியும் விடிகாலை முழிப்பு வந்துவிடுகிறது. மத்தியானம் மூன்று மணி ஆனால் கை நடுங்குகிறது. கம்பெனி மாற்றி வாங்கிப் பார்த்தேன், அதே கதைதான். மாத்திரை போலியா? 1 பவர் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாமா? (பெண், வயது 46, பாலக்கோடு)

மாத்திரையில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் மூளை அதற்குப் பழகிவிட்டது என்பதுதான் பொருத்தமான விளக்கம்.

அல்பிரசோலம், குளோனாசெபம், லோரசெபம், டயசெபம் எல்லாம் பென்சோடயசெபைன் என்ற ஒரே குடும்பம். எட்டிசோலம் இவற்றின் நெருங்கிய உறவு. 1960-இல் குளோர்டயசெபாக்சைடும் 1963-இல் டயசெபமும் விற்பனைக்கு வந்ததிலிருந்து இந்தக் குடும்பம் வேலை செய்யும் வழி ஒன்றுதான். மூளையின் பரபரப்பை அடக்க உடம்பே காபா என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது போய் ஒட்டும் ஏற்பியில் இந்த மருந்தும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, காபாவின் அடக்கும் வேலையைப் பெருக்கிக் காட்டுகிறது. தினமும் வெளியிலிருந்து இந்த உதவி வந்துகொண்டிருந்தால் ஏற்பிகள் மருந்துக்கு முன்போல அசைந்துகொடுப்பதில்லை. எதிர்ப்பக்கம் பரபரப்பைத் தூண்டும் குளூட்டமேட் அமைப்பும் ஈடுகட்டத் தன் வேலையைக் கூட்டிக்கொள்கிறது. தொப்பூர் கணவாயில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் லாரிக்கு, பாதி இறக்கத்தில் அதே மிதிக்குப் பாதிப் பிடிப்புதான் கிடைக்கும். அப்படித்தான் இதுவும்.

இந்தப் பழக்கம் எல்லா விளைவுகளுக்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை, இதைக் கவனியுங்கள். தூக்கம் தரும் சக்தி சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் மங்கிவிடும். பதற்றத்தைக் குறைக்கும் சக்தி அதைவிட மெதுவாகக் குறையும். நினைவை மந்தமாக்கும் விளைவுக்கு மட்டும் உடம்பு சரியாகப் பழகுவதே இல்லை. நல்லது தேய்ந்து போகிறது, கெட்டது அப்படியே தங்குகிறது. வருஷக்கணக்கில் போடுவதை நாங்கள் எதிர்ப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

உங்கள் மூன்று மணி நடுக்கத்துக்கு வருவோம். அல்பிரசோலம் சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும் மருந்து. இரத்தத்தில் அதன் அளவு பாதியாக சராசரியாகப் பதினொரு மணி நேரம் ஆகும். ஆனால் ஆறுதல் அதற்கு வெகு முன்பே வடியத் தொடங்கிவிடும். காலை எட்டு மணி மாத்திரை மத்தியானம் வடியும்போது, பழகிய மூளை அடுத்த வேளையைக் கேட்கிறது. பழைய நோய் முற்றிவிட்டது என்று அந்த நடுக்கத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம், இரண்டு வேளைக்கு நடுவே வரும் ஏக்கமாக அது இருக்கலாம். 1 மி.கி. எழுதி வாங்கினால் சில வாரம் நன்றாக இருக்கும். பிறகு அதே மூன்று மணிக்கு அதே நடுக்கம் வரும், இறங்க வேண்டிய படிகள் மட்டும் இரட்டிப்பாகியிருக்கும்.

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: மாத்திரை போட்ட நேரம், நடுக்கம் வந்த நேரம், டீ காபி குடித்த நேரம், தூங்கிய நேரம். நடுக்கம் எப்போதும் அடுத்த வேளைக்கு முன்னால்தான் வருகிறது என்றால் அந்த ஒரு பக்கமே டாக்டருக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் பாருங்கள். உங்கள் வயதில் மாதவிலக்கு நிற்கும் காலப் படபடப்பும் இதோடு கலந்திருக்கலாம். பிறகு டாக்டரிடம் இரண்டு யோசனைகளைக் கேளுங்கள். மொத்த அளவைக் கூட்டாமல் அதையே மூன்று வேளையாகப் பிரிக்க முடியுமா? அல்லது நீண்ட நேரம் உடம்பில் நிற்கும் குளோனாசெபத்துக்கோ டயசெபத்துக்கோ மாற்றி, அங்கிருந்து மெல்லக் குறைக்க முடியுமா?

இன்னொன்று. "நான் மாத்திரைக்கு அடிமையா?" என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். எழுதிக் கொடுத்ததை எழுதியபடி போட்டீர்கள், உடம்பு பழகிவிட்டது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. குளோனாசெபம் 0.5 மூன்று வருஷமாக ராத்திரிக்கு ஒன்று. யூடியூபில் பார்த்துப் பயந்து ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். இன்று ஐந்தாம் நாள். வெளிச்சம் கூசுகிறது, மிஷின் சத்தம் தாங்க முடியவில்லை, உடம்பெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது, படுத்தால் கால் தூக்கிப் போடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம் ஓட்டினால் சரியாகிவிடுமா? (வயது 34, ஓசூர்)

ஓட்டாதீர்கள். உங்களுக்கு உடனே தபாலிலும் பதில் அனுப்பிவிட்டோம். மாத்திரையை எழுதித் தந்த டாக்டரை அன்றே பார்த்து, பழைய அளவைத் திரும்பத் தொடங்கி, அங்கிருந்து முறையாகக் குறைப்பதுதான் வழி. திடீரென நிறுத்துவதால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். குழப்பமாகப் பேசுவது, இல்லாத உருவம் தெரிவது, காய்ச்சலோடு உடம்பு உதறுவது, வலிப்பு இவற்றில் எது வந்தாலும் 108 அழைத்து அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாமல் மூன்றாம் நாளுக்கு மேல் ஏன் வந்தது? குளோனாசெபம் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 30 முதல் 40 மணி நேரம் ஆகும். நிறுத்திய பிறகும் சில நாள் அது உள்ளே இருந்து தாங்குகிறது. "இரண்டு நாள் போடாமல் இருந்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

இனிக் குறைக்கும் கணக்கு. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அப்போது போடும் அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைக்கச் சொல்கிறது. எந்த இரண்டு வாரத்திலும் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 0.5-இல் 10 சதவீதம் என்றால் 0.05 மி.கி. அவ்வளவு சின்ன மாத்திரை கடையில் இல்லை. நம் கையில் இருப்பதில் சின்னது 0.25. அதை நாலாக வெட்டினால் ஒரு துண்டு 0.0625. ஆகவே முதல் படி, ஒரு 0.25 முழுசாகவும் இன்னொரு 0.25-இல் முக்காலும். இது 12.5 சதவீதக் குறைவு, பெரும்பாலானவர்கள் தாங்குகிற அளவு. அதில் இரண்டு முதல் நான்கு வாரம் நின்று, நிலைப்பட்ட பிறகு அடுத்த கால் துண்டைக் குறைப்பது.

கத்தியால் வெட்டாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வெட்டும் சின்ன பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கும். மாத்திரையின் நடுக்கோடு பிளேடுக்கு நேராக இருக்கும்படி வைத்து, மூடியை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால்தான் தூளாகிறது. பாதியை மறுபடி வைத்துக் கால் ஆக்கும்போது துண்டுகள் ஒரே அளவாக வராது. அதனால் கவலை வேண்டாம். ஒரு மாத்திரையின் நாலு துண்டுகளையும் தீர்த்த பிறகே அடுத்ததை வெட்டினால், இன்று கொஞ்சம் கூடியது நாளை கொஞ்சம் குறைந்து சரியாகிவிடும். மொத்தமாக ஒரு அட்டையை வெட்டி டப்பாவில் போடாதீர்கள், ஈரம் பட்டு உதிரும். வாயில் வைத்தால் கரையும் வகை இதற்கு ஆகாது. எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று அட்டையில் போட்டிருக்கும் மெதுவாகக் கரையும் மாத்திரையை வெட்டவே கூடாது, நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

கடைசிப் படிகள்தான் கடினம். 0.125-லிருந்து 0.0625-க்கு இறங்குவது பார்வைக்கு ஒரு துணுக்கு, கணக்கில் 50 சதவீதம். அங்கே ஒரு மாதம், தேவைப்பட்டால் இரண்டு மாதம்கூட நிற்கலாம். சில டாக்டர்கள் அந்தக் கட்டத்துக்கு முன்பே டயசெபத்துக்கு மாற்றுவார்கள். 2 மி.கி. மாத்திரை கிடைப்பதால், பாதி வெட்டி 1 மி.கி. அளவில் குறைக்க முடியும். எந்த மருந்தின் எவ்வளவு எதற்குச் சமம் என்பதில் அட்டவணைக்கு அட்டவணை வித்தியாசம் உண்டு. 0.5 குளோனாசெபத்துக்கு 5 மி.கி. டயசெபம் என்பவரும் உண்டு, 10 என்பவரும் உண்டு. இந்த மாற்றத்தை டாக்டர் இல்லாமல் செய்யாதீர்கள்.

மொத்தம் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் ஆகலாம். நடுவில் மோசமான வாரம் வந்தால் இறங்கிய படியிலேயே நில்லுங்கள். தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி ஒரு படி ஏறி நிற்பதிலும் தப்பில்லை. ஷிஃப்ட் மாறும் வாரத்தில் குறைக்காதீர்கள். நைட் ஷிஃப்ட்டில் மாத்திரையைக் கடிகார நேரத்துக்கு இல்லாமல் நீங்கள் படுக்கும் நேரத்துக்குப் போடுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். போட்டுவிட்டு மிஷின் முன்னால் நிற்கவே கூடாது.

அம்மாவுக்கு 71 வயது. பதினைந்து வருஷமாக லோரசெபம் 2 மி.கி. போட்டுத்தான் தூங்குகிறார். போன மாதம் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து மணிக்கட்டு உடைந்தது. சொன்னதையே திரும்பச் சொல்கிறார், அடுப்பில் வைத்ததை மறக்கிறார். மறதி நோய் வந்துவிட்டதா? மாத்திரையை நாங்கள் ஒளித்து வைக்கலாமா? (கிருஷ்ணகிரி)

ஒளித்து வைக்காதீர்கள். பதினைந்து வருஷம் பழகிய மருந்தை 71 வயதில் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். பால் டம்ளரில் கலந்து கொடுப்பது, மாத்திரைக்குப் பதில் சத்து மாத்திரை வைப்பது போன்ற தந்திரங்களும் வேண்டாம். கண்டுபிடித்துவிட்டால் பிறகு எதையும் உங்கள் கையிலிருந்து வாங்கமாட்டார்.

வயதானால் இந்த மருந்துக்கு மூளை கூடுதலாக மசியும். அதே 2 மி.கி. 56 வயதில் தந்த தள்ளாட்டத்தைவிட 71 வயதில் அதிகம் தரும். கால் நிதானம் குறையும், ராத்திரி எழுந்தால் தலை சுற்றும். இடுப்பு எலும்பு முறிவுக்கு இந்தக் குடும்ப மருந்துகள் நன்கு அறியப்பட்ட ஒரு காரணம். வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் சர்வதேசப் பட்டியல்களில் இவை இருப்பதும் அதனால்தான். இந்த முறை மணிக்கட்டோடு போனது.

மறதி முழுவதும் மாத்திரையால்தான் என்று இப்போதே சொல்ல முடியாது, ஒரு பங்கு இருக்க வாய்ப்பு அதிகம். மறதி நோய் என்று முத்திரை குத்தும் முன் பி12, தைராய்டு, சோடியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நீர் பிரியச் செய்யும் பி.பி. மாத்திரை போடுகிறவர்களுக்குச் சோடியம் குறைந்தும் இதே குழப்பம் வரும். காது கேட்பதையும் சோதியுங்கள். மருந்து குறைந்து சில மாதம் கழித்து நினைவுச் சோதனையைத் திரும்பச் செய்தால் படம் தெளிவாகும்.

குறைக்கும் வேகம் இவருக்கு இன்னும் மெதுவாக இருக்கட்டும், மாதத்துக்கு ஒரு சின்னப் படி போதும். லோரசெபம் 1 மி.கி. மாத்திரையாகவும் வருவதால் கால் துண்டு 0.25 ஆக, அதாவது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்காகக் குறைக்கலாம். டயசெபத்துக்கு மாற்றுவது இந்த வயதில் நல்லதல்ல, அது நாட்கணக்கில் தேங்கும். லோரசெபம் கல்லீரலுக்கு அவ்வளவு வேலை வைக்காது. முழுவதும் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. 2-லிருந்து 0.5-க்கு வந்தாலே விழும் பயம் பெரிதும் குறையும், அதையே வெற்றியாக வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து.

இன்றைக்கே செய்ய வேண்டியது படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ஒரு ராத்திரி விளக்கு, கழிப்பறைச் சுவரில் பிடிமானக் கம்பி, வாசலில் மடிந்து கிடக்கும் கால்மிதியை எடுப்பது. ஏழு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்தால் ராத்திரி எழுவதும் குறையும்.

எனக்கு நரம்பு மாத்திரை எதுவும் கிடையாது. இரண்டு வருஷமாக 'கேஸ்' வயிற்றுக்கு ஒரு மாத்திரை மட்டும் தினம் இரண்டு வேளை. ஊருக்குப் போனபோது எடுத்துப்போக மறந்துவிட்டேன். மூன்று நாளில் தூக்கம் போய், காரணமில்லாமல் பயம் வந்தது. வயிற்று மாத்திரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? (வயது 52, அரூர்)

அட்டையைப் படம் எடுத்து அனுப்பியது நல்லதாயிற்று. அதில் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கின்றன: டைசைக்ளோமின் 10 மி.கி., கிளிடினியம் 2.5 மி.கி., குளோர்டயசெபாக்சைடு 5 மி.கி. முதல் இரண்டும் குடல் பிடிப்புக்கு. மூன்றாவது, மேலே சொன்ன அதே பென்சோடயசெபைன். உங்களுக்குத் தெரியாமலேயே இரண்டு வருஷமாகத் தினம் 10 மி.கி. போயிருக்கிறது.

இப்படி உள்ளே மறைந்திருக்கும் கூட்டு மாத்திரைகள் நிறைய. மனச்சோர்வுக்கு எசிட்டலோபிராமும் குளோனாசெபமும் சேர்ந்தது, அமிட்ரிப்டிலினும் குளோர்டயசெபாக்சைடும் சேர்ந்தது, படபடப்புக்குப் புரோப்ரனலாலோடு அல்பிரசோலமோ குளோனாசெபமோ சேர்ந்தது. சிலவற்றில் பெயரின் கடைசியில் 'பிளஸ்' என்று மட்டும் இருக்கும். அட்டையின் பின்பக்கம் திருப்பி, பெரிய எழுத்துப் பெயரை விட்டுவிட்டு அதன் அடியில் பொடி எழுத்தில் உள்ள சேர்மானத்தைப் படியுங்கள். '-செபம்', '-சோலம்' என்று முடிகிற பெயரோ குளோர்டயசெபாக்சைடோ இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். அல்சர் மாத்திரைகள் '-பிரசோல்' என்று முடியும், அவை வேறு, பயப்பட வேண்டாம். இவ்வகை மருந்துகளின் அட்டையில் சிவப்பில் என்.ஆர்.எக்ஸ். என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும், அதையும் தேடிப் பாருங்கள்.

கூட்டு மாத்திரையை நிறுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. ஒன்றை நிறுத்தினால் உள்ளே இருக்கும் எல்லாமே ஒன்றாக நிற்கும். புரோப்ரனலால் திடீரென நின்றால் இதயத் துடிப்பு எகிறும், இதய நோயாளிக்கு அது ஆபத்து. எசிட்டலோபிராம் நின்றால் தலைசுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரும். அதனால் முதலில் தனித்தனி மாத்திரைகளாகப் பிரித்து எழுதச் சொல்லி, பிறகு பென்சோடயசெபைனை மட்டும் குறைக்க வேண்டும். உங்கள் அளவு குறைவுதான், அனேகமாகச் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். வயிற்றுக்கு உண்மையில் என்ன என்பதையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள். 50 வயதுக்கு மேல் இரண்டு வருஷமாக மாத்திரையிலேயே ஓடும் வயிற்றுத் தொந்தரவுக்கு எண்டோஸ்கோபி தேவையா என்று கேட்பது நியாயம்.

ராத்திரி தக்காளி லோடு ஓட்டுகிறேன். திரும்பி வந்து தூங்க எட்டிசோலம் 0.5. ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர் அடித்தால் மாத்திரை வேண்டாம் என்று விட்டுவிடுவேன், சில நாள் இரண்டும் சேர்ந்துவிடும். பிரச்சினை வருமா? (பென்னாகரம்)

வரும். மதுவும் இந்த மாத்திரையும் மூளையில் ஒரே ஏற்பியில் வேலை செய்கின்றன. சேர்ந்தால் மூச்சு விடும் வேகம் குறைந்து, தூக்கத்திலேயே உயிர் போகலாம். ஒன்றுக்குப் பழகிய மூளை இன்னொன்றுக்கும் பாதி பழகியிருக்கும். "எனக்கு ஒரு மாத்திரை பத்தவில்லை" என்று குடிப்பவர்கள் சொல்வது அதனால்தான். அந்தத் தைரியத்தில்தான் இரண்டாவதைப் போடுகிறார்கள், மூச்சை அடக்கும் அளவு அப்போதுதான் வருகிறது. டிராமடால் வலி மாத்திரையும் கோடீன் உள்ள இருமல் மருந்தும் இதே ஆபத்துதான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் குவார்ட்டர் என்றால் மாத்திரையை விட்டுக் குவார்ட்டருக்கு மாறுவதை நிறுத்துங்கள். தினமும் குடிப்பவராக இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் விடாதீர்கள், இரண்டுமே வலிப்பு வரவழைக்கும். மருத்துவமனையில் சேர்ந்துதான் விட வேண்டும். ஸ்டியரிங்கைப் பொறுத்தவரை, மாத்திரை போட்டு ஏழெட்டு மணி நேரம் முழுசாகத் தூங்காமல் வண்டி எடுக்காதீர்கள். தெளிவாக இருப்பதாக நமக்குத் தோன்றும், பிரேக் மிதிக்கும் கால் மட்டும் தாமதமாகும். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு மதுவை மட்டும் சொல்லவில்லை, மருந்தின் மயக்கத்தில் கட்டுப்பாடு இல்லாமல் ஓட்டுவதையும் குற்றம் என்கிறது.

படர்தாமரைக்கு ஒரு மாத்திரை தொடங்கியதிலிருந்து, வழக்கமாகப் போடும் அல்பிரசோலம் 0.25-க்கே பகலெல்லாம் தள்ளாடுகிறேன். (காவேரிப்பட்டினம்)

படர்தாமரைக்கு எழுதியது இட்ராகோனசோல். கல்லீரலில் அல்பிரசோலத்தை உடைக்கும் நொதியை அது கட்டிப்போட்டுவிடும், இரத்தத்தில் அளவு இரண்டு மூன்று மடங்கு ஏறும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. தோல் டாக்டரிடம் இன்றே சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றுவார். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆன்டிபயாடிக்குகளிலும் இதே தொந்தரவு உண்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர் எதிர். அது அல்பிரசோலத்தை வேகமாக வெளியேற்றிவிடும், தினமும் போட்டும் நிறுத்தியது போன்ற நடுக்கம் வரும். புதிதாக எந்தச் சீட்டு எழுதினாலும் பழைய அட்டையைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இரண்டு மாதக் கர்ப்பம். குளோனாசெபம் 0.25 போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் இன்றே நிறுத்து என்கிறார். (தேன்கனிக்கோட்டை)

அவர் அக்கறை புரிகிறது, ஆனால் இன்றே வேண்டாம். திடீர் நிறுத்தம் உங்களுக்கும் குழந்தைக்கும் கெடுதல். மகப்பேறு டாக்டரையும் மனநல டாக்டரையும் இந்த வாரமே பாருங்கள். இருப்பது குறைந்த அளவு, பிரசவத்துக்கு ஏழு மாதம் இருக்கிறது, மெல்லக் குறைத்து விட்டுவிட நேரம் தாராளம். கடைசி மூன்று மாதத்தில்தான் இந்த மருந்தின் பாதிப்பு குழந்தையிடம் நேரடியாகத் தெரியும். பிறந்த குழந்தை துவண்டு கிடப்பது, பால் சரியாகக் குடிக்காதது, பிறகு நடுங்கி அழுவது எல்லாம் வரலாம். அதுவரை நிறுத்த முடியாமல் போனால் பயந்துகொண்டு மறைக்காதீர்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பிரசவம் பார்த்து, மாத்திரை விவரத்தைப் பிரசவ அறையிலேயே சொல்லிவிட்டால் குழந்தையைக் கவனித்துக்கொள்வார்கள்.

வருஷக்கணக்காகக் கொடுத்த மெடிக்கல் ஷாப்பில் இப்போது சீட்டு கேட்கிறார்கள். பி.பி. மாத்திரையெல்லாம் வீட்டுக்கே வருகிறது, இதற்கு மட்டும் ஏன் இந்த அலைச்சல்? (தருமபுரி)

கடைக்காரர் இப்போதுதான் சரியாக நடக்கிறார். 2014 மார்ச் 1 முதல் அல்பிரசோலம், டயசெபம், குளோர்டயசெபாக்சைடு, நைட்ரசெபம் போன்றவை, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். திரும்ப வாங்கலாம் என்று டாக்டர் எழுதாத வரை ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம். சீட்டே கேட்காமல் வருஷக்கணக்காக ஓடியிருக்கிறது என்றால், அத்தனை நாளும் உங்களை யாரும் பரிசோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

தீரும் நிலையில் இருக்கும்போது அலைய வேண்டாம். கையில் பத்து நாள் மாத்திரை இருக்கும்போதே கிளம்புங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓசூர் பக்கத்தில் இருப்பவர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை கிட்டம். டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவைக்கு 14416 இலவச எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

குறைத்துக்கொண்டே வருகிறேன், பாதி தூரம் வந்துவிட்டேன். ஆனால் பழைய பயம் திரும்ப வருகிறது. இது மாத்திரை குறைந்ததாலா, நோயேதானா? மாத்திரை இல்லாமல் இதற்கு என்ன வழி? (ஊத்தங்கரை)

நாள் கணக்கைப் பாருங்கள். ஒரு படி குறைத்துச் சில நாளில் வந்து, இரண்டு மூன்று வாரத்தில் தானே தணிந்தால் அது குறைத்ததன் விளைவு. கூடவே வெளிச்சக் கூச்சம், வாயில் உலோகச் சுவை, தசைத் துடிப்பு, சுற்றியிருப்பது நிஜமில்லாதது போன்ற தோற்றம் என்று முன்பு இல்லாத புதுத் தொந்தரவுகள் இருந்தால் இன்னும் உறுதி. படி மாறாமல் இருக்கும்போதே மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு, ஆரம்ப நாளில் இருந்த அதே பயம் அதே மாதிரி வந்தால் அது நோய்.

நோய்க்கு நோயின் மருத்துவம் வேண்டும். எசிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை தினமும் போட்டாலும் இவ்வகைப் பழக்கம் ஏற்படுத்துவதில்லை, நிறுத்தும்போது மட்டும் மெதுவாக நிறுத்த வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரம் படபடப்பைச் சற்றுக் கூட்டும், அதனால்தான் எசிட்டலோபிராமை 5 மி.கி.யில் தொடங்குவார்கள். அந்த ஒரு வாரத்தில் பயந்து விட்டுவிடுகிறவர்கள் பலர். இவற்றோடு அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும் கேளுங்கள். பயம் வரும் இடத்தை விட்டு ஓடாமல், அங்கேயே நின்று அது தணிவதைப் பார்க்கப் பழக்குவதுதான் அதன் உயிர்நாடி. பஸ்ஸில் ஏறப் பயம் என்றால் முதலில் ஒரு நிறுத்தம், பிறகு இரண்டு, பிறகு சந்தை நாள் கூட்டத்தில். பீதி உச்சிக்குப் போவது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள், பிறகு இறங்கத்தான் செய்யும். பையில் ஒரு மாத்திரையை வைத்துக்கொண்டே போவது இந்தப் பயிற்சியைக் கெடுக்கும், மாத்திரைதான் காப்பாற்றியது என்று மனசு எழுதிக்கொள்ளும்.

மத்தியானத்துக்கு மேல் டீ காபி வேண்டாம். தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்காருங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள்.

எப்போதாவது ஒன்று போட்டாலும் பழகிவிடுமா? ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒன்று கொடுத்தார்கள். (சூளகிரி)

பழகாது. ஒரு நாள், சில நாள், அதிகமாய்ப் போனால் இரண்டு முதல் நான்கு வாரம் என்று எல்லை போட்டுக் கொடுத்தால் இவை நல்ல மருந்துகள். வலிப்பை நிறுத்தவும் குடியை விடும்போது உயிரைக் காக்கவும் மருத்துவமனையில் இவைதான் கை கொடுக்கின்றன. ஆபரேஷனுக்குக் கொடுத்ததை நிம்மதியாகப் போடுங்கள். அட்டையில் மீதி இருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கம் வரவில்லை என்று எடுத்துக் கொடுக்காதீர்கள்.